தனக்கொடி வீட்டு இலை

அந்தக் கோழிக் குழம்பு அருமையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். கார்த்திகை மாசம். வெளியே மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றது. அஞ்சலைக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டுக்குள் ஒரு மூலையில் சின்ன வெங்காயத்தைப் பரப்பியிருந்தார்கள். அந்த வாசனையும் மசாலா வாசனையும் சேர்ந்ததில், நான் வந்த வேலையே எனக்குப் பாதி மறந்துவிட்டது.

வந்த வேலை இதுதான். அஞ்சலையின் மகள் வெண்ணிலாவைப் பெண் பார்க்க அன்றைக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெண்ணிலா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு முடிவாகாமல் தடுக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. நான் விடுவேனா? "எனக்கும் பாய்தான்" என்று கீழே உட்கார்ந்தேன். எல்லோரும் பதறினார்கள். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அஞ்சலை தயங்கித் தயங்கி வந்தாள். "ராணிம்மா, ஒரு வாய் சாப்புடுறீங்களா?" என்றாள். எல்லா வீட்டிலும் ஒப்புக்குக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"போடு, அஞ்சலை" என்றேன்.

சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் சோறு வாங்கினேன். அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "அரண்மனையே கை நனைச்சாச்சு. அப்பறம் நாம என்னாத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம்? எலயப் போடுங்கப்பா" என்றார். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற வெண்ணிலாவின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஜெபமாலை டீச்சர் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் வந்து நின்றார். வரிசையாக இலைகளைப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார். "மேடம்" என்றார், "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை

உங்களில் பாதிப் பேர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் டீ, காபி குடிக்கலாம். சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் வீட்டுப் பெரியவளாக நானே முதலில் நனைத்தும் விட்டேன்.

இது தெரியாமல் ஒருத்தி ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் இருப்பாளா? இருந்தேன். எங்கள் ஜமீன் ஊர் பேர் சொல்லிப் பெருமைப்படும் அளவுக்குப் பெரியது இல்லை. ஆனால் வீம்பு மட்டும் பெரிய ஜமீன்களுக்குக் குறையாது. அடுத்தவர் வீட்டில் நாங்கள் சாப்பிடவே மாட்டோம். என் அப்பா கல்யாணங்களுக்குப் போவார், தாம்பூலத் தட்டைத் தொடுவார், திரும்பிவிடுவார். குடிக்கத் தண்ணீர்கூட வெள்ளிக் கூஜாவில் எங்கள் வண்டியிலேயே வரும். எங்கேயும் சாப்பிடாத குடும்பத்தில் பிறந்தவளுக்கு, எங்கே எப்போது சாப்பிடக் கூடாது என்பதை யார் சொல்லித் தருவார்கள்?

பிறகு மெட்ராஸ். புதிதாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேல் நான் கிளப்பும் விருந்துமாக வாழ்ந்தவள். ரோஜாக் கண்காட்சிக்கு நடுவர், நாய்க் கண்காட்சிக்குப் பரிசு கொடுப்பவள், தர்மத்துக்காக நடத்தும் விருந்தில் தலைமை. பத்திரிகைகளில் என் புடவையைப் பற்றி எழுதுவார்கள். நான் என்ன சொன்னேன் என்று ஒருவரும் எழுதியதில்லை, நான் ஒன்றும் சொன்னதும் இல்லை.

கணவர் காலமான பிறகு, இடிந்துகொண்டிருந்த எங்கள் வீட்டை விற்கலாம் என்று ஊருக்கு வந்தேன். விற்கவில்லை. ஏலாக்குறிச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஜெபமாலை டீச்சரும் நானுமாக, பழைய வண்டிக் கொட்டகையில் பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினோம். டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பாடம் நடத்துவார். பன்னிரண்டாவது முடிக்கும் முன்னே பிள்ளையை நிறுத்துகிற வீடுகளுக்குப் போய் மன்றாடுவது என் வேலை.

போகிற வீட்டிலெல்லாம் நான் சாப்பிடுவேன். ஒருகாலத்தில் எங்கள் நிலத்தில் கூலிக்கு நின்றவர்களின் வீடுகள் அவை. என் அப்பா செய்ததை நான் கழுவுகிறேன் என்று எனக்கு நினைப்பு. முதல் தடவை சாப்பிட்டபோது ஒரு நிருபர் படம் எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு படம் எடுக்க ஆள் இல்லாத இடத்திலும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இதை ஒத்துக்கொள்வதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு பெண்ணும் ஒரு பரீட்சையும்

வெண்ணிலாவின் அப்பா லாரி ஓட்டியவர். நோயில் விழுந்து பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவளுக்குப் பதின்மூன்று வயசு. அங்கே ரத்தம் எடுக்க வந்த ஒரு பெண்தான் தினமும் இவளை உட்கார வைத்து, இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னாளாம். "அவங்க ஒருத்தங்கதான் எங்கிட்ட உண்மையச் சொன்னாங்க. நானும் அந்த வேலதான் பாக்கணும்" என்று கொட்டகைக்கு வந்த முதல் நாளே சொன்னாள்.

மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன். சிங்கப்பூரில் வேலை. லீவு மாசியோடு முடிகிறது. அதனால் தை மாசமே கல்யாணம் என்றார்கள். பரீட்சை அதற்குப் பிறகுதான்.

சட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். வெண்ணிலாவுக்கு மார்கழியில் பதினெட்டு முடிகிறது. சட்டத்துக்கு அவள் வயசு போதும், பரீட்சைக்குத்தான் போதாது. போன் போட்டு அதிகாரியை வரவழைக்கிற விஷயம் இல்லை இது.

"கல்யாணம் முடிஞ்சு பரீட்ச எழுதட்டுமே. நாங்க என்ன வேணாம்னா சொல்லப்போறோம்?" என்றார் சித்தப்பா, பாயசம் குடித்துக்கொண்டே.

இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கும் பி.ஏ. இரண்டு வருஷம்தான். சரித்திரம். மூன்றாவது வருஷம் கல்யாணத்துக்குப் பிறகு என்றார்கள். என் கணவர் நல்லவர். ஒருநாளும் என்னைப் படிக்காதே என்று சொன்னதில்லை. அடுத்த ஜூனில் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் சொன்னார். முதலில் மாமியாரின் ஆபரேஷன் வந்தது, பிறகு எங்கள் மகன் வந்தான், பிறகு விருந்துகள் வந்தன. கடைசி வருஷத்துப் புத்தகங்களை வாங்கி அட்டைகூடப் போட்டு வைத்திருந்தேன். அவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வரும்.

எல்லோரும் போன பிறகு வெண்ணிலா என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "உங்களுக்குத் தெரியாதுல்லம்மா?" என்றாள். அவ்வளவுதான். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் புள்ள படிக்கணும்னுதாங்கம்மா. ஆனா வேணாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. பொண்ணு வூட்ல முறிச்சா நாளைக்கு இவளப் பாக்க யாரு வருவா? நீங்களா பாத்து ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

டீச்சர் சொன்ன வழி

திரும்பும்போது ஜெபமாலை டீச்சரும் என் காரில் வந்தார். குன்னம் தாண்டியதும் சொன்னார்.

"ஒரு வழி இருக்கு. அடுத்து நம்ம ஆளுங்க மாப்புள்ள வூடு பாக்கப் போகணும். அங்க அவங்க எல போடுவாங்க. அதுல கை நனைக்காம வந்துட்டா பேச்சு முறிஞ்சிரும்."

"சரி, நனைக்கலன்னா போச்சு."

"யாரு நனைக்கக் கூடாதுன்னு யோசிச்சீங்களா? அன்னைக்கு முதல்ல ஒக்காந்தது நீங்க. அங்கயும் நீங்கதான் முதல்ல ஒக்காரணும். நீங்க கை வச்சாத்தான் மத்தவங்க வைப்பாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்த வீட்டில் போய், போட்ட இலையில் சாப்பிடாமல் நான் எழுந்துவர வேண்டும். என் அப்பாவும் தாத்தாவும் செய்ததை நானும் செய்ய வேண்டும்.

"விரதம்னு சொல்லிடலாமே" என்றேன்.

"மறுநா வாங்கன்னுவாங்க."

"வயித்து வலி?"

"மோரு குடுப்பாங்க. மேடம், பொய் சொன்னா அது தள்ளிப்போகும், முறியாது."

வீடு பார்க்கப் போன நாள்

அஞ்சலை வரவில்லை. தாலி இழந்தவள் சுப காரியத்தில் முன்னால் வரக் கூடாதாம். அவள் அண்ணன்தான் வந்தார். நானும் கணவரை இழந்தவள்தான். என்னை மட்டும் வாசலுக்கே வந்து ஆரத்தி எடுக்காத குறையாக அழைத்துப் போனார்கள். அரண்மனை விதவைக்கு அந்தச் சட்டம் கிடையாது போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

புது வீடு. தரையெல்லாம் பளபளக்கும் டைல்ஸ். மாப்பிள்ளையின் அம்மா தனக்கொடி ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். என் வயசுதான் இருக்கும். அதிகம் பேசாதவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் ஒரு ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். "பையன் அனுப்பிக் கட்டுனதுங்க" என்று சுவரைத் தடவினாள்.

ஆண்களுக்குக் கூடத்தில் இலை. எனக்கு அடுப்படியை ஒட்டின உள்ளறையில் தனியாக. ஜெபமாலை டீச்சர் கூடத்திலேயே நின்றுகொண்டார். நான் தொடங்கியதும் மற்றவர்களுக்குப் பரிமாறுவதாக ஏற்பாடு.

உட்கார்ந்தேன். தனக்கொடி இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றுப் பாத்திரத்தோடு குனிந்தாள். இப்போது எழுந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நடக்க வேண்டும் என்று காரில் வரும்போதே மனசைக் கல்லாக்கி வைத்திருந்தேன்.

அப்போது அவள் சொன்னாள்: "எங்கம்மா பொறந்தது உங்க ஊருங்க. உங்க களத்துலதான் நெல்லு தூத்தும். அதுக்கு உங்க வூட்டுக் கொல்லை வரைக்குந்தான் தெரியும். அதுக்கு மேல வந்ததில்ல. நீங்க இன்னைக்கு எங்க அடுப்படி வரைக்கும் வந்து ஒக்காந்திருக்கீங்க. அது இருந்து பாத்திருக்கணும்."

என்னால் எழ முடியவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டி இலையில் விழுந்தது. அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "வெவரம் தெரியாமத்தான் சாப்புடுறாங்கன்னு. நீங்க ரசிச்சு ரசிச்சு சாப்புட்டீங்க, அந்தப் புள்ள அங்க நின்னு செத்துக்கிட்டு இருந்துச்சு."

அதற்குமேல் எனக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "தனக்கொடி, நான் சாப்பிட்டா அவ பரீட்சை போயிடும். சாப்பிடாம எந்திரிச்சா உங்கம்மாவை மறுபடியும் கொல்லையிலேயே நிறுத்தின மாதிரி. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்றேன்.

"எம் பையன அதுக்குப் புடிக்கலையா?"

"அப்படிச் சொல்லல. பரீட்சை எழுதணும், மேல படிக்கணும்னுதான் சொல்றா."

"இவன் போயிட்டா திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும்."

கூடத்தில் சித்தப்பா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. தனக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் எழுந்தாள். என் முன்னால் இருந்த இலையை, தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு கையாலும் எடுத்தாள். பின்வாசலுக்குப் போய் அங்கே கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் சோறு போடலைங்க. நீங்க வேணாம்னும் சொல்லல" என்றாள். "நமக்குள்ள சரியாப் போச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா வெளிய என்னா சொல்றதுங்க?" என்றாள். அப்போதுதான் அவள் குரலில் பயத்தைக் கேட்டேன். "போட்ட எலய நானே எடுத்தேன்னு தெரிஞ்சா, கூடத்துல சிரிச்சிக்கிட்டு இருக்காரே எங்க மச்சினரு, அவரு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு. பொண்ணு வூட்டுப் பேச்சுன்னா அந்தப் புள்ள பேரு கெடும்."

"என் தலையில போடுங்க" என்றேன். "நான் எந்திரிச்சிட்டேன்னு சொல்லுங்க. எங்க குடும்பத்துக்கு இந்தப் பேரு புதுசில்ல. எல்லாரும் உடனே நம்புவாங்க."

"ஆயுசுக்கும் பேசுவாங்கம்மா."

"பேசட்டும். நான் யாருகிட்டயும் மறுத்துச் சொல்ல மாட்டேன்."

கூடத்தின் வழியாக ஒருவரையும் பார்க்காமல் நடந்தேன். என் அப்பாவின் நடை எனக்கு நன்றாகவே வரும். அஞ்சலையின் அண்ணன் வாயைப் பிளந்து நின்றார். பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது: "என்னா வேசம் போட்டாலும் ரத்தம் போவுமா?"

காரில் ஏறியதும் ஜெபமாலை டீச்சரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அரியலூர் வரும்வரை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி எனக்கு இட்லி வாங்கித் தந்தார்.

கிடைத்த பேர்

வெண்ணிலா பரீட்சை எழுதினாள். நல்ல மார்க். ஆசைப்பட்ட படிப்பிலேயே சேர்ந்தாள்.

ஊர்ப் பேச்சு நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. வரும் வழியிலேயே வளர்ந்தும் விட்டது. நான் முகத்தைச் சுளித்தேனாம். "இந்த வூட்ல பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொன்னேனாம். கொட்டகைக்கு வரும் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும் பெஞ்சை விட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றாள். வீடு வீடாகச் சாப்பிட்டுச் சம்பாதித்த நல்ல பேரெல்லாம் ஒரே மாசத்தில் போய்விட்டது.

அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது வேறு.

பரீட்சை முடிவு வந்த வாரம் வெண்ணிலா கொட்டகைக்கு வந்தாள். இனிப்புக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கை காலியாக இருந்தது.

"பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு சொன்னீங்களாம்மா?"

நான் சாக்பீஸ் டப்பாவை மூடினேன்.

"எனக்காகத்தான் எந்திரிச்சீங்கன்னு தெரியும். ஆனா அப்படிப் பேசணுமா? அவங்களும் எங்க ஆளுங்கதானம்மா. அவங்கள அப்படிச் சொன்னா அது எனக்கும்தான." ஒரு அடி முன்னால் வந்தாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நம்புறேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், பின்னே என்ன நடந்தது என்று அடுத்ததாகக் கேட்டிருப்பாள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒருத்தி என்னை நம்பித்தான் அந்த வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. என் போனையும் எடுப்பதில்லை. இப்போது பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எனக்குச் சர்க்கரை உண்டு. ரத்தம் பார்க்க நான் அரியலூருக்குப் போகிறேன். என்னைப் பார்த்து அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதை எழுதுவதாகவே இல்லை. போன வாரம் தனக்கொடி போன் செய்தாள். அவள் மகனுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. மருமகள் இந்தத் தொடரை வாரா வாரம் வாசித்துக் காட்டுகிறாளாம்.

"எங்க வூட்டு சமாச்சாரத்த எழுதவே இல்லையே நீங்க?" என்றாள்.

"அதை எப்படி எழுத முடியும், தனக்கொடி? வாக்குக் குடுத்திருக்கேனே. உங்க மச்சினர் என்ன சொல்வார்?"

"என்ன வேணாலும் சொல்லட்டும். பேரப்புள்ளயும் எடுத்தாச்சு, எனக்கு இனிமே யாருகிட்ட பயம்? பெரம்பலூர்ல அந்தப் புள்ளகிட்டதான் நேத்து நான் ரத்தம் பாக்கப் போனேன். அடையாளம் கண்டுக்கிச்சு. என் கையப் புடிச்சிக்கிட்டு, உங்களுக்காக எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு அழுவுது. நான் என்னான்னு சொல்லுவேன்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாந்தான் எடுத்தேன்னு எழுதுங்கம்மா" என்றாள் தனக்கொடி. "எல்லா ஏச்சையும் நீங்களே வச்சிக்கிட்டா எப்படி? என் பங்க எனக்குக் குடுங்க."